பூ வைக்காத புத்னியும் பொய்யே சொல்லாத வார்டனும்

கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் மொபெட் இனி ஜென்மத்துக்கும் ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும். இன்று காலை அது ஸ்டார்ட் ஆகவில்லை என்பது வேறு விஷயம். அது பெட்ரோல் சமாசாரம். என் சொந்த ஊர் சேவூர் மாரியம்மன் மேல் சத்தியம், சேவூர் பஸ் மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் சத்தியம். எல்லாம் நடந்தது நடந்தபடியே.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்கு வார்டனாக இருப்பது என்பது, திசைக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்கிய அத்தனை பேருக்கும் ஒரே ஆள் மாமியாராக இருப்பது. மாமியாருக்காவது பக்கத்து ஊட்டில் போய்ப் புலம்பி ஆறிக்கொள்ள வழியுண்டு. வார்டன் வாயைத் திறந்தால் அது மேனேஜர் மேஜைக்குப் போய்விடும். லைன் வீடு வாடகைக்கு விட்டவர்களே, மெஸ் நடத்துகிறவர்களே, கம்பெனி வேன் ஓட்டுகிறவர்களே, என் இனத்தாரே, இந்த அலுப்பு உங்களுக்குத்தான் புரியும்.

நான் அந்தக் காலத்தில் பனியன் பண்டல் ஏற்றிய லாரியை வடக்கே ஓட்டிக்கொண்டு போய் வந்தவன். அதில் ஒட்டிக்கொண்டது கொஞ்சம் ஹிந்தி. கொஞ்சம் என்றால் பஞ்சர் கடை ஹிந்தி. அதை நம்பித்தான் என்னை ஹாஸ்டல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உள்ளே ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், போதாக்குறைக்கு நம் திருநெல்வேலி. எல்லோருக்கும் நான் 'அப்புச்சி'. நம் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவரை அப்படிக் கூப்பிடுவோம். வடக்கத்திப் பிள்ளைகளோ, வாட்ச்மேன், எலக்ட்ரீசியன் மாதிரி அதுவும் ஒரு வேலையின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடுகெண்ணெய்ப் புகை

ஹாஸ்டலில் முதல் சண்டை சாமியால் வரவில்லை, சாதியால் வரவில்லை. எண்ணெயால் வந்தது. மெஸ்ஸில் சமைப்பவர் காதர் பாய். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கடலை எண்ணெய் தவிர மற்ற எண்ணெயெல்லாம் மிஷினுக்கு விடுவதற்காகப் படைக்கப்பட்டவை என்ற கொள்கை உடையவர். ஒடிசாப் பையன்கள் கடுகெண்ணெயில் மீன் குழம்பு வேண்டும் என்றார்கள். அவர்கள் நடையாய் நடந்து கெஞ்சியதில், கடைசியில் பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அடுப்பை விட்டுக் கொடுத்தார்.

கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்ச வேண்டுமாம். காய்ச்சினார்கள். புகை மெஸ் ஜன்னல் வழியாகக் கிளம்பிச் சுவர் தாண்டியது. பக்கத்துக் கம்பெனி செக்கிங் செக்‌ஷனில் அத்தனை பேரும் கண்ணீர் விட்டு அழுதார்கள். ஓனர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து மாலையோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவிநாசி ரோட்டில் டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி மூக்கைச் சிந்தி முடித்த பிறகுதான் விசில் கொடுத்தார். இதற்கு அந்தக் கண்டக்டரே சாட்சி. ரிட்டையர் ஆகி எங்கோ போய்விட்டார்.

காதர் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்து ஒரு கரண்டி ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி. அப்புறம் தட்டே எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து கை கழுவும்போது என்னிடம் சொன்னது: "கொழம்பு நல்லாத்தான் இருக்குதுங்க அப்புச்சி. ஆனா இது பசிக்குத் திங்கறதா, சளிக்குத் திங்கறதான்னுதான் பிடிபடல."

வெள்ளிக்கிழமை மல்லிகை

தையல் செக்‌ஷனில் ஒரு லைனுக்கு சரஸ்வதியம்மா சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் காலமான பிறகு பிழைக்க இங்கே வந்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மல்லிகை வாங்கி, தன் கையாலேயே நெருக்கமாகக் கட்டி, தன் லைனில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிள்ளிக் கொடுப்பார். தனக்கு மட்டும் கிள்ள மாட்டார். சொந்த ஊரில் என்றால் நாலு பேர் பேசுவார்கள். இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் மாட்டார். வடக்கத்திப் பெண்கள் முதலில் முழித்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை வந்தால் தாங்களாகவே தலையைத் திருப்பிக் காட்டக் கற்றுக்கொண்டார்கள்.

புத்னி மட்டும் வாங்குவதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலி இனத்துப் பெண். ஓவர்லாக் மிஷினில் அவள் கை ஓடுவதைப் பார்த்தால் துணிக்கே தலை சுற்றும். வந்த புதிதில் பூ வாங்கி வைத்தவள்தான். போன வருஷம் மாசி வாக்கில் நிறுத்தினாள். இந்த வருஷம் தை முடிந்தும் வைக்கவில்லை. தமிழில் அவள் முதலில் பிடித்துக்கொண்டது எல்லாவற்றுக்கும் பின்னால் 'ங்க' போடுவதை. பூவை நீட்டினால் இரண்டு கையும் கூப்பி, "நஹீங்க" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சரஸ்வதியம்மா நேராக என் நாற்காலிக்கு வந்தார். கையில் மிஞ்சிய பூ. கண் சிவந்திருந்தது. "அய்யா, அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தாலே தெரியுது. எனக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடந்திருக்கு. வாய்விட்டுச் சொல்லத் தெரியாம உள்ளுக்குள்ளயே போட்டு மருகுதா."

துக்கம் விசாரித்தது

ஒரு செக்‌ஷனில் சொன்னால் போதும், கம்பெனி முழுக்க மைக் வைத்த மாதிரி. டீ பிரேக்கில் புத்னிக்கு ஒரு புருஷன் உண்டானான். மதியச் சாப்பாட்டுக்குள் அவன் லாரியில் அடிபட்டான். சாயங்காலம் வேன் வருவதற்குள் அவனுக்கு ஒரு தங்கச்சியும், கல்யாணம் ஆகாமல் அவள் ஊட்டில் நிற்பதும், அதற்காகவே புத்னி இங்கே தைத்துக்கொண்டிருப்பதும் உறுதியாகிவிட்டன. பெண்கள் கூட்டமாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். புத்னியும் விம்மி விம்மி அழுதாள். ஊர்ஜிதம் ஆகிவிட்டது. விவரம் கேட்டுச் சொல்ல என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

என் பஞ்சர் கடை ஹிந்தியில் தட்டித் தடவிக் கேட்டேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. விஷயம் இதுதான்: அவர்கள் ஊரில் மாசி பங்குனியில் சால் மரம் பூக்கும். அப்போது பாஹா என்று ஒரு பூ நோம்பி, பூவுக்கென்றே ஒரு திருவிழா. ஊர்ப் பூசாரி புதுப் பூவை மரத்தடி சாமிக்கு வைத்துவிட்டு, ஊரார் எல்லோருக்கும் கொடுப்பார். அதற்கப்புறம்தான் பெண்கள் அந்த வருஷத்துப் பூவைத் தலையில் வைக்கலாம். போன வருஷம் ஷிப்மென்ட் நெருக்கடியில் லீவு கிடைக்கவில்லை. நோம்பி இல்லை, அதனால் பூவும் இல்லை. இந்த வருஷமும் அதே மாசத்தில்தான் ஷிப்மென்ட். அவளும் அவள் ஊர்க்காரர்களும் எப்படியும் ரயில் ஏறுவது என்று இருக்கிறார்கள். சொல்லாமல் போனவர்களைக் கம்பெனி திரும்பச் சேர்க்காது. மேனேஜரோ, "சரக்கு கெளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தரு ரயில் ஏறுனாலும், நீங்க சேவூர் பஸ் ஏறிக்கலாமுங்க அப்புச்சி" என்று எனக்குப் போன வாரமே சொல்லிவிட்டார். ஆக, அவள் போனால் அவள் பிழைப்பும் என் பிழைப்பும் போச்சு.

"ஒரு வருஷம் நோம்பி இல்லீன்னா என்ன கண்ணு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சமாதானம் சொன்னேன். "இந்த வருஷமும் விட்டா பழகிருங்க அப்புச்சி. பழகிட்டா அப்புறம் ஞாபகமே வராதுங்க" என்றாள். அதற்குள் சரஸ்வதியம்மா, "அடிப் பாவி, புருஷனே கெடையாதா? மத்தியானம் எனக்குச் சோறுகூட எறங்கலயே! அப்ப நீ எதுக்குட்டீ அழுத?" என்று பிடித்துக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க ஊட்ல யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேங்க அக்கா."

இறகு

இந்த நேரம் பார்த்து வெளிநாட்டிலிருந்து பையர் அம்மா வருவதாகத் தகவல். நம் சரக்கை வாங்குகிற கம்பெனிக்காரி. பல ஊர் ஆட்கள் வேலை செய்யும் இடத்தில் அவரவர் பழக்கவழக்கத்துக்கு மரியாதை இருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். மேனேஜர் உடனே 'கலாச்சார தினம்' என்று பேனர் அடித்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு டிரெஸ் வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய மூட்டை வந்து இறங்கியது. ஒடிசாப் பையனுக்குப் பஞ்சாபித் தலைப்பாகை. பீகார்க்காரனுக்குக் கதகளிப் பாவாடை. அதை மாட்டியவன் கதவில் நுழைய முடியாமல் அன்று முழுக்க வெளியிலேயே நின்றான். அசாம் பெண்ணுக்குப் பாரத மாதா, ஏனென்றால் மூட்டையில் அதுதான் மிச்சம்.

புத்னிக்கு ஒரு பிளாஸ்டிக் இலைப் பாவாடையும், தலையில் வைக்க இறகுக் கிரீடமும் வந்தன. கடைக்காரன் மேலே 'மலைவாசி' என்று சீட்டு ஒட்டியிருந்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேசாமல் உள்ளே போய், தன் பெட்டியிலிருந்து சிவப்புக் கரை போட்ட கட்டம் போட்ட கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவ்வளவு கச்சிதமாக இருந்தாள். மேனேஜர் விடவில்லை, கிரீடமாவது வைத்தால்தான் போட்டோவில் எடுபடும் என்று நீட்டினார். அதை இரண்டு விரலால் வாங்கி முகர்ந்துவிட்டு அவள் சொன்னாள்: "சாருங்க, இது எந்தக் கோழியோடதுங்க? பாவமுங்க, அதுக்கே போட்டு விட்டுருங்க."

மொழிபெயர்ப்பு

பையர் அம்மா வந்தார். கதகளிக்காரனைக் கடந்து, பாரத மாதாவைக் கடந்து, நேராக புத்னி முன்னால் நின்றுவிட்டார். அந்தச் சேலை பிடித்துவிட்டது போலிருக்கிறது. இந்த இடத்தில்தான் அலுப்பூட்டும் ஒரு ஏற்பாடு. அம்மாவுக்கு இங்கிலீஷ் மட்டும். மேனேஜருக்கு இங்கிலீஷும் தமிழும். எனக்குத் தமிழும் பஞ்சர் கடை ஹிந்தியும். ஊர் நியாயம் பேச புத்னிக்கு ஹிந்திதான் சௌகரியம். ஒரு கேள்வி நாலு வாய் ஏறி இறங்க வேண்டும், கூரைக்குச் செங்கல் கை மாற்றுகிற மாதிரி.

அம்மா கேட்டார். மேனேஜர் என் காதில், "ஊரு விசேஷத்துக்கெல்லாம் லீவு கெடைக்குதான்னு கேக்கறாங்க. சந்தோசமா இருக்கறேன்னு சொல்லச் சொல்லுங்க, போதும்" என்றார். நான் புத்னியிடம் ஹிந்தியில், "ஏதாவது குறை இருந்தால் சொல்லச் சொல்கிறார்கள்" என்றேன். அவள் நிதானமாக யோசித்து, "டீயில் சக்கரை ரொம்ப ஜாஸ்தி" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மேனேஜரிடம் உரக்கச் சொன்னேன்: "'ஷிப்மென்ட்டுனால இந்த வருசம் நாங்க ஊருக்குப் போக முடியல. ஆனா எங்க மேனேஜர் சாரு பெரிய மனசு பண்ணி, எங்க பூ நோம்பிய இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே நடத்திக்கச் சொல்லி, ரெண்டு நாள் லீவும் குடுத்திருக்காரு. அவருதான் எங்களுக்குத் தாய் தகப்பன்' அப்படீங்கறாளுங்க."

மேனேஜர் முகம் சாயப்பட்டறைத் தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி கலர் கலராக மாறியது. ஆனால் தன்னைப் பற்றிய புகழ்ச்சியை மொழிபெயர்க்காமல் விழுங்குகிற மனுஷன் இன்னும் பிறக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் சொன்னார். கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருப்பார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, நோம்பி போட்டோ அவசியம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் என்னிடம் வந்து நின்றார். நான் சேவூர் பஸ் டைமை மனசில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது: "ஏனுங்க அப்புச்சி, நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? சொல்லியிருப்பனாட்ட இருக்குது... வேலை டென்சன்ல மறந்துட்டனாட்டங்குது."

வீடியோ காலில் பூசாரி

லீவு கிடைத்தது, இடம் கிடைத்தது, மரத்துக்கு எங்கே போவது? சால் மரம் திருப்பூரில் ஏது? காம்பவுண்டில் இருப்பது ஒரு வேம்பு, ஒரு தென்னை, ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் ஒரு புங்கமரம். புத்னி தன் ஊர்ப் பூசாரிக்கு வீடியோ கால் போட்டாள். முறுக்கிய மீசையோடு ஒரு கிழவர். என் வயசுதான் இருக்கும். என்னைவிடப் பல் ஜாஸ்தி. ஒவ்வொரு மரத்தின் கீழும் நான் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தோள்பட்டை கழன்றுவிட்டது.

புங்கமரம் அப்போதுதான் பூக்க ஆரம்பித்து, கீழே பொரி இறைத்த மாதிரி உதிர்த்திருந்தது. கிழவர் அதைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். பிறகு கேள்வி மேல் கேள்வி; புத்னி ஹிந்தியில் எடுத்துச் சொன்னாள். மரம் யாருடையது? கம்பெனியுடையது என்றேன். கம்பெனிக்கு முன்னால்? கடலைக்காடு, ஒரு கவுண்டருடையது என்றேன். அதற்கு முன்னால்? தெரியாது என்றேன். அதற்கும் முன்னால்? சாமி, எனக்கு அவ்வளவு வயசாகவில்லை என்றேன். கிழவர் சிரித்துவிட்டுச் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "அந்தத் தெரியாதவங்களையும் ஒரு தடவ கும்பிட்டுட்டு அந்த மரத்துலயே ஆரம்பிங்க."

யார் மேல் தண்ணீர்

நம்மூர் மாரியம்மன் நோம்பியில் மாமன் மச்சான் முறைக்காரர்கள் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுகிற மாதிரி, அவர்களும் பூசைக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். ஆனால் கலர் கூடாது, சாயம் கூடாது, வெறும் சுத்தமான தண்ணீர். திருப்பூரில் கலர் வேண்டும் என்றால் கேட்ட கலரில் தருவோம். கலர் இல்லாத தண்ணீர் கேட்டால் எங்கே போவது? சாயம் ஊறிய எங்கள் போர் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டே புத்னி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அன்று காலை கம்பெனி வேன் வந்து நின்றது. சரஸ்வதியம்மாவும் அவர் லைன் பெண்களும் இடுப்பில் ஆளுக்கொரு குடத்தோடு இறங்கினார்கள். குழாயில் எப்போதோ ஒருநாள் வரும் குடிதண்ணீர். சமையலுக்குப் பிடித்து வைத்திருந்தது.

அதிலும் முறை உண்டு. கேலி பேசுகிற உறவுக்காரர் மேல்தான் ஊற்றலாம். மரியாதைக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய உறவு என்றால் ஒரு சொட்டு படக் கூடாது. புத்னி ஒவ்வொருவருக்கும் உறவு கட்டினாள். சரஸ்வதியம்மா அண்ணி, ஊற்றலாம். காதர் பாய் மச்சான், தாராளமாக ஊற்றலாம். மனுஷன் ஊறுகாய் மாதிரி ஊறிவிட்டார். என் முறை வந்தது. அப்புச்சி என்பது அம்மாவைப் பெற்றவர் என்று அதற்குள் அவளுக்கு விளங்கியிருந்தது. தாத்தாவும் பேத்தியும் அவர்களுக்குக் கேலி முறையாம். ஒரு முழுக் குடம். என் வேட்டியைப் பிழிந்த தண்ணீரில் அந்தப் புங்கமரம் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது.

மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு, ஓடத் தயாராக, ஓரமாக நின்றார். யாரும் வரவில்லை. கொஞ்சம் நடுவில் வந்து நின்றார். அப்போதும் வரவில்லை. கடைசியில் என்னிடமே வந்து, "எம் மேல மட்டும் யாருமே ஊத்தலீங்களே அப்புச்சி" என்றார். கேட்டேன். புத்னி முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்: "சாரு புருஷனோட அண்ணன் முறைங்க. அவரு எதுக்க வந்தாலே நாங்க ஒளிஞ்சுக்கணுங்க."

மரம் கொடுப்பது

முதல் நாள் பூசையை முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் பூசாரியாக நின்றார். மரத்தடியைச் சாணம் போட்டு மெழுகி, புங்கம்பூ வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு அவர் முறத்தில் பூவை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார். பெண்கள் முந்தானையில் வாங்கித் தலையில் செருகிக்கொண்டார்கள். புத்னி ஒரு தடவை செருகி, எடுத்து, மறுபடியும் செருகிக்கொண்டாள். ஓவர்லாக்கில் அவள் ஒரு தையலைப் பிரித்துத் தைத்து நான் பார்த்ததில்லை. ஆண்களுக்குக் காதில். எனக்கும் காதில். அடுத்து வேடிக்கை பார்க்க வந்து நின்ற சரஸ்வதியம்மா.

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். இரண்டு கையும் கூப்பி, "எனக்கு வேண்டாம் சாமி. எங்கள்ல நான் வைக்கக் கூடாது" என்றார். அப்படியே புத்னி வெள்ளிக்கிழமைகளில் நின்ற மாதிரி. முறம் நகரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மொழிபெயர்க்கச் சொல்லி. இந்த ஒரு தடவை, கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி புத்னியிடம் சொன்னேன். அவள் தமிழிலேயே சொன்னாள்: "அக்கா, எங்க ஊர்ல பூவப் புருஷன் குடுக்கறதில்லீங்க. மரம் குடுக்குதுங்க."

முக்காடு

சரஸ்வதியம்மா முந்தானையை நீட்டினார். வாங்கினார். தலையில் வைக்கவில்லை; முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் ஊற்றிய அன்றும் அவர் தலையில் பூ இல்லை. புத்னி முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான். சரி, ஒரு பூ நோம்பியில் எல்லாம் நடந்துவிடுமா என்று நினைத்துக்கொண்டேன். வயசானால் இப்படி நினைப்பது சுலபம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தையல் செக்‌ஷனுக்கு எதற்கோ போனேன். புத்னி தலையைத் திருப்பிக் காட்டி மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தாள். சரஸ்வதியம்மா சேலையைத் தலைக்கு மேல் இழுத்து முக்காடு போட்டிருந்தார். மேலே கூரை, நாலு பக்கமும் சுவர், தலைக்கு நேரே ஃபேன். முக்காட்டின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் புடைத்திருந்தது. வாசனை, என் மூக்கு கடுகெண்ணெயிலேயே போய்விட்டது, இருந்தாலும் வந்தது. இது என்னம்மா புதுசா என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வெயிலு ஜாஸ்தியா இருக்கு அய்யா."

ஆக, நாலு திக்கு மனுஷரும் அவரவர் பழக்கத்தை விடாமல் ஒரே காம்பவுண்டில் பிழைத்துக் கிடக்க நடுவில் அரைகுறை ஹிந்தி தெரிந்த ஒரு கிழவன் போதும் என்பதுதான் நான் கண்டது. ஆனால் இதைச் சொன்னது யார் என்று மட்டும் தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள், புத்னி சொன்ன அந்த டீச் சர்க்கரை விஷயம் மேனேஜருக்கு இன்னும் தெரியாது.